லோடர் மாட்டிய பழைய மாஸி டிராக்டர்: பின்பக்கத்துக்குக் கனம் சேர்த்த அனுபவம்

“முன்சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு எடை, பின்சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு எடை, அப்புறம் மொத்தமா ஒரு எடை. மூணு சீட்டு வேணுங்க.”

எடை மேடைக்காரர் ஜன்னல் வழியே எட்டி வண்டியைப் பார்த்தார். கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் லோடும் நெல் லோடும் எடை போட்டே பழகியவர். “வண்டியவா விக்கப் போறீங்க தம்பி?” என்று கேட்டார். விற்பதற்கில்லை, முன்னால் எவ்வளவு கனம், பின்னால் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும் என்றேன். சரி என்று மூன்று சீட்டும் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டுகள் இல்லாமல் இந்த வேலையை நான் ஆரம்பித்திருந்தால் பாதியிலேயே தவறான இடத்தில் நிறுத்தியிருப்பேன். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளம் போகும் பக்கம். தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு மாடு. வண்டி மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், அப்பா வாங்கியது. சிம்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர், 36 குதிரைச் சக்தி. உழவுக்கு இப்போது அதிகம் போவதில்லை. முன்னால் ஒரு லோடர், அதாவது பக்கெட்டைத் தூக்கி இறக்கும் கை, மாட்டி, கட்டுத்தறியிலிருந்து குப்பை அள்ளவும், தென்னை மட்டை ஒதுக்கவும், இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதையில்) மண் கொட்டி நிரவவும் வைத்திருக்கிறோம். பின் டயர் 13.6-28. லோடர் கம்பெனியில் வந்ததல்ல, பட்டறையில் செய்து மாட்டியது. உழவுக்கென்று செய்த வண்டியில் முன்னால் தூக்கும் வேலையை நாமாகச் சேர்த்துவிட்டு, அதற்கு ஈடாகப் பின்னால் எதையும் சேர்க்காமல் விட்டிருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பக்கெட் நிறைய ஈரக் குப்பையோடு வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் மேல்தோல் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே வெண்ணெய். முதல் கியர், மெதுவான வேகம்தான். பாலத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. ஸ்டியரிங் இரும்பு மாதிரிக் கனக்கிறது. வேறு வழி தோன்றாமல் லோடர் லீவரைத் தள்ளிப் பக்கெட்டைத் தரையில் இறக்கினேன். அது மண்ணைக் கிழித்துக்கொண்டு போய் வண்டியை நிறுத்தியது. வலது முன்சக்கரம் வாய்க்கால் கரை விளிம்பில் நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வழக்கமாக என் மச்சான் பையன் அந்தப் பாலத்துக் கட்டையில்தான் உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு அவன் இல்லாமல் போனது நல்ல நேரம்.

முதலில் பிரேக்கைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றிப் பார்த்தால் பிரேக் நன்றாக இருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் என்பதும், இழுப்பதும் பின்சக்கரம் மட்டும்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன்னால் கனத்தைத் தூக்கும்போது பின்சக்கரம் எவ்வளவு இளகிப்போகிறது என்பதை நான் அதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. குப்பை மேட்டில் முட்டும்போது பின்சக்கரம் லேசாக எழும்பினால் இரண்டு மணல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொள்வோம். சிலர் ஆளையே பின்கம்பியில் ஏறி நிற்கச் சொல்வார்கள். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பின்சக்கரம் எழும்பித் திடீரென்று இறங்கும்போது நிற்கிற ஆள் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் விழுவார்.

விஷயம் ஏற்றத்தின் கணக்குத்தான். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்தில் கிணற்றில் துலா இருந்தது. ஒரு முனையில் சால், மறு முனையில் கல். நடுவில் தாங்கும் கால். லோடர் வண்டியில் அந்தத் தாங்கும் கால் முன் அச்சு. அதற்கு முன்னால் பக்கெட் தொங்குகிறது, பின்னால் மொத்த வண்டியும் இருக்கிறது. என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.83 மீட்டர். பக்கெட்டின் நடுப்பகுதி முன் அச்சுக்கு முன்னால் 1.30 மீட்டரில் வருகிறது என்று டேப் வைத்து அளந்தேன். பக்கெட்டில் 400 கிலோ இருந்தால், 400-ஐ 1.30-ஆல் பெருக்கி 1.83-ஆல் வகுக்க வேண்டும். 284 கிலோ. அவ்வளவு கனம் பின்சக்கரத்திலிருந்து எழும்பிப் போய்விடும். முன் அச்சுக்கு அந்த 400 மட்டுமல்ல, இந்த 284-ம் சேர்ந்து 684 கிலோ ஏறும். பக்கெட்டில் இருப்பது 400 கிலோதானே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், முன் அச்சு ஒன்றே முக்கால் மடங்கு சுமக்கிறது.

இதைச் சரிபார்க்கத்தான் எடை மேடை. 50 கிலோ வீதம் எடை போட்டுக் கட்டிய எட்டு மணல் மூட்டையை எடுத்துப் போனேன். பக்கெட் காலியாக, நான் சீட்டில் உட்கார்ந்திருக்க, முன் அச்சு 1,120 கிலோ, பின் அச்சு 1,040 கிலோ. மூட்டைகளைப் பக்கெட்டில் அடுக்கிய பிறகு முன் 1,800, பின் 760. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், அதைக் கழித்துப் பார்த்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. மொத்தம் 2,560 கிலோ வண்டியை நிறுத்த வேண்டிய சக்கரத்தில் 760 கிலோதான் இருக்கிறது, அதுவும் சமதளத்தில். சரிவில் இறங்கும்போது இன்னும் குறையும். அன்றைக்கு வண்டி நிற்காததில் ஆச்சரியமே இல்லை.

ஒரு அச்சை மட்டும் எடை போடுவதாக இருந்தால் மேடைக்கு வெளியே நிற்கிற சக்கரமும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். அணுகு பாதை சரிவாக இருந்தால் எண் தவறாக வரும். இங்கே மேடையின் ஒரு பக்கம்தான் சமமாக இருந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் வண்டியைத் திருப்பி நிறுத்தி எடுத்தேன்.

கனம் சேர்க்க மூன்று வழி. டயருக்குள் தண்ணீர், சக்கரத் தட்டில் இரும்பு வெயிட், பின்னால் கலப்பை மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பில் கனமான ஒரு கட்டை. தண்ணீர் மலிவு என்பதால் அதிலிருந்து தொடங்கினேன்.

குளிர் நாடுகளில் டயருக்குள் வெறும் தண்ணீர் ஊற்ற முடியாது, உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். உறையாது, தண்ணீரை விடக் கனமும் கூடுதல். ஆனால் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். அமெரிக்காவில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கின் பாகையும் ஊற்றுகிறார்கள், அது இரும்பை அரிக்காது. நமக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று எவ்வளவுதான் வீசினாலும் தண்ணீர் உறைவதில்லை. வெறும் தண்ணீர் போதும். என்ன தண்ணீர் என்பது மட்டும் பார்க்க வேண்டும். எங்கள் கிழக்குப் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், குடிக்கிற தண்ணீரிலேயே ஃபுளோரைடு பிரச்சினை உள்ள ஊர்கள் இவை. அதனால் ஓட்டுக்கூரையில் விழுந்து தொட்டியில் தேங்கிய மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டேன்.

டயர் கடைக்காரர் மலையாளி. பல வருடப் பழக்கம். “வெள்ளம் நிறைச்சா பின்னே பஞ்சர் ஒட்டான் என்னெ விளிக்கருது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர், எல்லை ஊரில் பிறந்தவனுக்கு அது பழகிய சொல்தான். பஞ்சர் ஒட்டக் கூப்பிடாதே என்று அவர் சொன்னதில் நியாயம் இருப்பது அடுத்த நாளே தெரிந்தது.

டிராக்டர் டியூபின் வால்வு, கார் வால்வு மாதிரி அல்ல. உள்ளே காற்றை அடைக்கிற சின்னப் பின்னை மட்டும் தனியாகக் கழற்றலாம், அந்தப் பின் உட்காரும் வாயையும் முழுதாகத் திருகிக் கழற்றலாம். அதைக் கழற்றினால் நல்ல அகலமான துளை கிடைக்கும். அந்தத் துளை தண்ணீர் ஊற்றத்தான். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சுக்கு ஜாக்கி போட்டு, டயர் தரையை லேசாகத் தொடுகிற அளவுக்கு மட்டும் தூக்கினேன். கனம் டயர் மேல் இருந்தால் அடிப்பக்கம் நசுங்கியே இருக்கும், உள்ளே இடம் குறைந்துவிடும். அப்புறம் சக்கரத்தைச் சுற்றி வால்வு உச்சிக்கு, கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இடத்துக்கு வருகிற மாதிரி நிறுத்தினேன். இது முக்கியம். வால்வு உச்சியில் இருக்கும்போது தண்ணீர் வால்வு மட்டத்துக்கு ஏறினால் டயரில் முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். மேலே கால் பங்கு காற்று மிஞ்சும். அந்தக் காற்றுதான் குலுக்கலைத் தாங்குகிறது. முழுக்க நிரப்பினால் டயர் கல் மாதிரி ஆகிவிடும், ஒரு கல்லில் ஏறி இறங்கினால் அடி முழுவதும் டியூபுக்கும் அச்சுக்கும் போகும்.

200 லிட்டர் பேரல் ஒன்றைக் களத்து மேட்டில் ஏற்றி வைத்து, உள்ளே பத்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். பேரலிலிருந்து ஹோஸ், ஹோஸின் முனையை வால்வுக் குழாய் மேல் செருகி ஒரு கிளிப். தண்ணீர் இறங்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். உள்ளே காற்று அடைத்துக்கொள்கிறது. ஹோஸைக் கழற்றினால் சீறிக்கொண்டு காற்று வெளியே வரும், திரும்பவும் செருக வேண்டும். இப்படி ஏழெட்டுத் தடவை. காற்றையும் சேர்த்து வெளியேற்றுகிற அடாப்டர் கடையில் கிடைக்கிறது, அது இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். இரண்டு சக்கரம்தானே என்று நான் வாங்கவில்லை. காற்று வருவது நின்று தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் முடிந்தது. பேரல் கோட்டைப் பார்த்தேன், ஒரு சக்கரத்துக்கு 190 லிட்டர். அதாவது 190 கிலோ. வாயை மாட்டி, பின்னை மாட்டி, காற்று 14 பவுண்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் இடது சக்கரத்துக்கு அடியில் மண் நனைந்து கிடந்தது.

டியூப் பழையது. நான் மாற்றவில்லை. காற்று மட்டும் இருந்தபோது வாரத்துக்கு ஒருமுறை காற்றடித்தால் போதும் என்கிற அளவில்தான் கசிவு இருந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் அதே ஓட்டை வழியாக இறங்கி ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில் தேங்கி வால்வு ஓட்டை வழியாகச் சொட்டியிருக்கிறது. இப்போது சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கழற்றுவதற்கு முன்னால் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வால்வைக் கீழே ஆறு மணி இடத்துக்குக் கொண்டுவந்து திறந்தால் பெரும்பகுதி வடியும், முழுக்க வடியாது. மிச்சத் தண்ணீரோடு டயரைப் பிரிப்பது மூன்று பேர் வேலை. டயர் கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் வந்து கூடவே நின்றார்.

பிரித்தது நல்லதாகப் போயிற்று. ரிம்மின் உள்பக்கம், வால்வு ஓட்டையைச் சுற்றி, துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஒரு செதில்தான் டியூபைக் குத்தியிருக்கிறது. அதைச் சுத்தியால் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ் போட்டு, நல்ல இரும்பு தெரிகிற வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தோம். காய்வதற்கு ஒரு நாள் விட்டோம். இரண்டு பக்கத்துக்கும் புது டியூப், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டி ஒரு பட்டை. வலது சக்கரம் கசியவில்லை என்றாலும் அதையும் பிரித்தேன். அங்கேயும் துரு ஆரம்பித்திருந்தது. தண்ணீர் ஊற்ற நினைக்கிறவர்கள் முதலில் டயரைப் பிரித்து ரிம்மைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு பார்ப்பது இரட்டை வேலை, இரட்டைக் கூலி.

காற்று பார்ப்பதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்துதான் கேஜ் வைக்க வேண்டும். கீழே வைத்தால் கேஜுக்குள் தண்ணீர் போகும் என்பதோடு, மேலே நிற்கிற தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து காட்டும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு. 14 பவுண்டு வைக்கிற இடத்தில் ஒன்றரை என்பது சின்ன வித்தியாசம் இல்லை. உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் கொஞ்சம் காற்று இறங்கினாலும் பவுண்டு சட்டென்று குறைகிறது. வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

அடுத்தது இரும்பு. வார்ப்பிரும்பு வீல் வெயிட் புதிதாக வாங்குவதற்குப் பதில் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். இரண்டாவது முறை போனபோது நான்கு கிடைத்தன, ஒவ்வொன்றும் 45 கிலோ, கிலோ கணக்கில்தான் விலை. வேறு வண்டியுடையது. சக்கரத் தட்டில் இருக்கிற துளைக்கும் வெயிட்டில் இருக்கிற துளைக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம். சக்கரத் தட்டில் புதுத் துளை போடலாம் என்றார் ஒருவர். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. கனம் முழுவதும் சுற்றுகிற தட்டு அது, விரிசல் விட்டால் சக்கரமே போகும். வெயிட்டில் துளை போட்டால் கெட்டுப்போவது வெயிட் மட்டும்தான். லேத் பட்டறையில் வெயிட்டிலேயே துளைகளைப் போட்டு வாங்கினேன். வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிர்ந்து சுலபமாகத் துளை விழும், மெதுவாக இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

45 கிலோ வட்டுக்குப் பிடிமானம் கிடையாது. கையில் தூக்கித் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டே போல்ட் செருக நினைத்தால் விரல் நசுங்கும். சக்கரத் தட்டின் மேல் பக்கத் துளைகள் இரண்டில் நீளமான திருகுக் கம்பியை முதலில் மாட்டி, வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்க விட்டோம். பலகையில் சாய்த்து வட்டை ஏற்றி அந்தக் கம்பிகளில் தொங்கவிட்டு உள்ளே தள்ளினால் தானாக உட்கார்ந்துகொள்கிறது. மற்றத் துளைகளில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, கம்பியைக் கழற்றி அங்கேயும் போல்ட். தலையில் 8.8 என்று எண் பொறித்த, உறுதி கூடிய போல்ட்டைத்தான் போட்டோம், ஸ்பிரிங் வாஷரோடு. பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு திரும்ப இறுக்கிப் பார்த்தேன், எட்டு போல்ட்டில் மூன்று போல்ட் இன்னும் கால் சுற்று ஏறின. பெயின்டும் துருவும் நசுங்கி இடம் கொடுக்கும், அதனால் இந்த இரண்டாவது இறுக்கலை யாரும் விட்டுவிடக் கூடாது.

இப்போது தண்ணீர் 380 கிலோ, இரும்பு 180 கிலோ. மொத்தம் 560. அதே எட்டு மூட்டையோடு திரும்பவும் எடை மேடை. பக்கெட் காலியாக முன் 1,120, பின் 1,600. மூட்டைகளோடு முன் 1,800, பின் 1,320.

பின்சக்கரத்துக்கு 760 இருந்த இடத்தில் 1,320. சந்தோஷமாக இருந்தது. அதே வாய்க்கால் பாலத்துச் சரிவில், கீழே யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூட்டைகளோடு இறங்கிப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். பிடித்த இடத்தில் நின்றது. குப்பை மேட்டில் முட்டும்போது சக்கரம் வெறுமனே சுற்றுவதும் நின்றுவிட்டது.

சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்று ராத்திரிதான். முன் அச்சு அப்போதும் 1,800, இப்போதும் 1,800. ஒரு கிலோகூடக் குறையவில்லை. யோசித்தால் குறைய வழியே இல்லை. சக்கரத்தில் ஏற்றிய கனம் பின் அச்சுக்கு நேர் கீழே தரையில் இறங்குகிறது, அதிலும் டயருக்குள் இருக்கிற தண்ணீர் அச்சைக்கூடத் தொடுவதில்லை, டயர் வழியாகவே மண்ணுக்குப் போய்விடுகிறது. வழுக்கல் நிற்கும், பிரேக் பிடிக்கும். முன் அச்சின் பாரம் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்னும் சொல்லப்போனால் முன்பு பின்சக்கரம் எழும்பி “போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. தைரியமாக இன்னும் இரண்டு மூட்டை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் உடைவது முன் அச்சும், முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னும்தான்.

மறுநாள் முன் அச்சின் நடுவில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். முன் அச்சை நடுவில் தாங்குகிற நடுப்பின்னின் புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்தது. வலது கிங்பின்னிலும் ஆட்டம். லோடர் மாட்டிய நாளிலிருந்து தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சீட்டுகளைப் பார்க்கவில்லை. “உங்கப்பாரு துலாவுல கல்லைக் கால்கிட்டயா கட்டுனாரு? வாலு நுனியிலதான கட்டுனாரு” என்றார். இத்தனை நாள் கணக்குப் போட்ட எனக்கு அது தோன்றவில்லை. கல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேலை செய்யும். பின் அச்சுக்கும் பின்னால் கட்டினால் அங்கே பின் அச்சு தாங்கும் காலாகி, முன்பக்கத்தைத் தூக்க ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்று புள்ளி இணைப்புக்கு ஒரு கான்கிரீட் கட்டை வார்த்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 40 உயரம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ வரும், அந்தக் கணக்கில் இது 345 கிலோ, உள்ளே வைத்த இரும்போடு 350. சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நான்கு கலவை. இணைப்பின் இரண்டு கீழ்க் கைகளுக்கும் ஆளுக்கொரு இரும்புப் பின், மேல் கைக்கு ஒரு காது, மூன்றையும் கம்பிக் கூட்டோடு வெல்டிங் செய்து உள்ளே புதைத்தோம். பின்களை கான்கிரீட்டில் வெறுமனே செருகி வைத்தால் ஆட்டத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஈரச்சாக்கு போட்டு இரண்டு வாரம் தண்ணீர் காட்டினேன்.

கட்டையின் நடுப்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் 85 சென்டிமீட்டரில் வருகிறது. 350-ஐ 0.85-ஆல் பெருக்கி 1.83-ஆல் வகுத்தால் 163. முன் அச்சிலிருந்து அவ்வளவு குறைய வேண்டும், பின் அச்சில் 513 கூட வேண்டும்.

மூன்றாவது முறை எடை மேடை. மேடைக்காரர் இப்போது கேள்வி கேட்பதில்லை, அவரே திருப்பி நிறுத்தச் சொல்கிறார். பக்கெட் காலியாக முன் 960, பின் 2,110. எட்டு மூட்டையோடு முன் 1,640, பின் 1,830. முன் அச்சில் 160 கிலோ குறைந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் அது நன்றாகவே தெரிகிறது, சாயங்காலம் தோள் வலிப்பதில்லை.

திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் கான்கிரீட் கட்டையைத்தான் முதலில் செய்வேன். அது ஒன்றே பின்சக்கரத்துக்கு 513 கிலோ தருகிறது, முன் அச்சையும் காப்பாற்றுகிறது, வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். அதற்கு மேலும் வழுக்கினால் தண்ணீர். இரும்பு வெயிட் கடைசி. ஆனால் கட்டைக்கும் தொல்லை உண்டு. வால் நீண்டுவிடுகிறது, தென்னைகளுக்கு நடுவில் திரும்பும்போது முதல் வாரம் இரண்டு மரத்தில் இடித்தேன். இடமில்லாத கட்டுத்தறிக்குள் அதைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன், அங்கே தண்ணீரும் இரும்பும்தான் துணை. பக்கவாட்டில் ஆடாமல் இருக்கக் கீழ்க் கைகளின் செயினை இறுக்கி வைக்க வேண்டும். வண்டியை நிறுத்தினால் கட்டையைத் தரையில் இறக்கிவிட வேண்டும், 350 கிலோவை ஹைட்ராலிக்கை நம்பித் தொங்கவிட்டு அதன் அடியில் யாரும் குனியக் கூடாது. லோடரைக் கழற்றுகிற நாளில் கட்டையையும் கழற்ற வேண்டும். முன்னால் பாரம் இல்லாமல் பின்னால் மட்டும் கட்டை தொங்கினால் முன்சக்கரம் இளகி, மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் பிடிக்காது.

வண்டி இப்போது 3,000 கிலோவுக்கு மேல். கரிசல் ஈரமாக இருக்கும்போது வயலுக்குள் இறக்குவதில்லை. சக்கரம் போன தடம் ஒரு பருவம் முழுக்க இறுகிக் கிடக்கும், கடலை அந்தத் தடத்தில் இறங்காது. தோப்புக்குள்ளும் ஒரே பாதையில்தான் போய்வருகிறேன், மரத்து வேர்ப்பக்கம் போவதில்லை. உழவுக்கோ நெல் வயலில் சேறு கலக்கவோ இந்த வண்டியை எடுப்பதாக இருந்தால் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, முன்பெல்லாம் கனம் அதிகமானால் சக்கரம் சுற்றிவிடும், எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் அது ஒரு தப்பிக்கும் வழி. இப்போது சக்கரம் சுற்றாது, திணறல் முழுவதும் கிளட்சுக்கும் பின் அச்சின் பல்சக்கரமான கிரவுன் பினியனுக்கும் போகிறது. தென்னை வேர்க்கட்டையைப் பக்கெட்டால் நெம்புகிற வேலையை அதனாலேயே நிறுத்திவிட்டேன். அதற்கு ஜேசிபி கூப்பிடுவதுதான் சரி.

பக்கெட்டில் 400 கிலோதான் என்று அளவு வைத்திருக்கிறேன். பக்கெட்டின் உள்பக்கம் அந்த உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டாயிற்று, காய்ந்த குப்பைக்கு. ஈரக் குப்பைக்கு அதற்கு நான்கு விரல் கீழே இன்னொரு கோடு. முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகர்வதில்லை.

நடுப்பின் புஷ்ஷும் கிங்பின் செட்டும் பொள்ளாச்சியிலிருந்து வாங்கி வந்து வைத்திருக்கிறேன். மாஸிக்கு இன்னும் எல்லா உருப்படியும் சுலபமாகக் கிடைக்கிறது என்பது பெரிய ஆறுதல். வாய்க்காலில் தண்ணீர் வருவது நின்றதும் லோடரை இறக்கிவிட்டு முன் அச்சைப் பிரிக்க வேண்டும். அதுவரை தினமும் காலையில் கிரீஸ் கன்னோடு ஒரு சுற்று.